தொடையில் கட்டி: வெட்டும் முன் பயாப்சி

அன்புள்ள மீனா அக்கா,

உங்கள் நாய் ராஜாவின் தொடைக் கட்டியை உடனே அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்த்த அறிக்கை ‘சார்க்கோமாவாக (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்று) இருக்கலாம்’ என்பதோடு நிற்கிறது. எலும்புத்தசையில் (எலும்பை அசைக்கும் தசையில்) தோன்றும் ராப்டோமயோசார்க்கோமா என்ற வகை நாய்களுக்கு அபூர்வம். அதே இடத்தில் ரத்தநாளப் புற்றும் வரும்; தசைக்குள் ஊடுருவும் கொழுப்புக் கட்டியும் வரும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

அதனால் முதலில் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி ஆய்வகத்தில் பார்ப்பது. கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்துக் கிடக்கும். ஓரத்திலிருந்து நான்கைந்து துண்டுகள் எடுக்கச் சொல்லுங்கள். கீறல் காலின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே கீறினால், பின்னால் அந்தத் தழும்பையும் சேர்த்து எடுக்க வேண்டியிருப்பதால் அறுவை சிகிச்சை வீணாகப் பெரிதாகும். துண்டைக் கெடாமல் வைக்க, அதைப் போல் பத்து மடங்கு 10% ஃபார்மலின் திரவம் வேண்டும். ஆய்வகத்தில் துண்டுக்கு ஏற்றும் சாதாரணச் சாயம் முடிவு சொல்லாவிட்டால், தசைப் புரதங்களைக் காட்டும் டெஸ்மின், மயோஜெனின், மயோடி1 சாயங்களைக் கேளுங்கள். குடல் போன்ற உறுப்புகளின் மென்தசைக் கட்டியிலும் டெஸ்மின் பிடிக்கும். செல்லின் உட்கருவில் மயோஜெனின் பிடித்தால்தான் எலும்புத்தசைக் கட்டி என்று துணிந்து சொல்லலாம். கூடுதல் செலவுதான், ஆனால் கையைச் சுருக்கும் இடம் இதுவல்ல.

பிறகு, எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க, மூன்று கோணங்களில் நெஞ்சு எக்ஸ்ரே, வீங்காவிட்டாலும் நிணநீர்க் கணுவில் ஊசியால் உறிஞ்சிச் சோதனை, மயக்கத்தில் சிடி ஸ்கேன்.

‘கட்டி உறையோடு இருக்கிறது, அப்படியே நோண்டி எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த உறையே நசுங்கிய புற்றுசெல்கள்தான். சுற்றிலும் 2-3 செ.மீ. நல்ல திசு, அடியில் ஒரு முழுத் தசையுறை (தசையைப் போர்த்தும் சவ்வு): அவ்வளவும் சேர்ந்து வர வேண்டும். தொடையில் அதற்கு இடமில்லை என்றால் காலையே எடுப்பது நல்லது. மூன்று காலில் நாய்கள் நன்றாக நடக்கும். எடையையும் மற்ற மூட்டுகளையும் மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். எடுத்த கட்டியின் விளிம்புக்கு மை தடவித்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கீமோ எவ்வளவு உதவும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. வழக்கமாக டாக்சோரூபிசின் என்ற மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 30 மி.கி., சிறிய நாய் என்றால் கிலோவுக்கு 1 மி.கி. முதலில் இதய ஸ்கேன். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும், அதனால் டியூப் போடுபவர் கைதேர்ந்தவராக இருக்கட்டும். ஓரிரு நாள் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். அதில் மருந்து இருக்கும் என்பதால், வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் போனால் கையுறையோடு துடையுங்கள். புளோக்குக்கு (அடுக்குமாடிக் கட்டடத்துக்கு) கீழே சிறுநீர் போனால் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏழு முதல் பத்து நாளுக்குள் வெள்ளணு குறையும். அப்போது காய்ச்சலோ சோர்வோ தெரிந்தால், நடு இரவானாலும் 24 மணி நேர கிளினிக்குக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அன்புடன்