பங்காளிகள் இல்லாத எஸ்போசிட்டோக்கள்

நேப்பிள்ஸ்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பெரியவன் கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான் என்பது நல்ல சேதி. இனியாவது விடியற்காலையில் ஷட்டர் தூக்கப் போகாமல், டாக்டர் சொன்னபடி நடக்கப் போ.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். என்னை விட நன்றாக இத்தாலியன் பேசுகிறாள், என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவும் சிரிக்கிறாள்.

நான் அனுப்பிய போட்டோவில் மாடிப்படி வாசலில் இருந்த அழைப்புமணிப் பலகையைப் பார்த்துவிட்டு, "எஸ்போசிட்டோ, எஸ்போசிட்டோ என்று வரிசையாக இருக்கிறதே, எல்லாரும் பங்காளிகளா?" என்று கேட்டிருந்தாய். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இந்த ஊரில் மருந்துக்கடைக்காரர் எஸ்போசிட்டோ, பிளம்பர் எஸ்போசிட்டோ. 1889இல் ராணி மார்கெரித்தாவுக்குப் பீட்சா சுட்டுக் கொடுத்ததாகக் கதை சொல்கிறார்களே, அந்த ராஃபேலேயும் எஸ்போசிட்டோதான். ஆனால் இவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை. சொந்தம் யார் என்று தெரியாததால் வந்த பெயர் அது.

லத்தீனில் 'எக்ஸ்பொசிட்டுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படி எழுதினார்கள், அதுவே குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. இங்கே பழைய நகரத்தில் அனுன்சியாத்தா என்று ஒரு பெரிய கோயிலும் அதை ஒட்டி அனாதைக் குழந்தைகளுக்கான இல்லமும் இருந்தன. மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தெருப்பக்கச் சுவரில் ஒரு பொந்து. அதற்குப் பின்னால் சுழலும் மரப்பெட்டி, 'ருவோத்தா' என்கிறார்கள், சக்கரம் என்று அர்த்தம். ராத்திரி யாரோ வந்து குழந்தையைப் பெட்டியில் வைத்து மணி அடித்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பவர் பெட்டியைத் திருப்பிக் குழந்தையை எடுத்துக்கொள்வார். கொடுத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது. 1875 வரை அது சுழன்றுகொண்டு இருந்திருக்கிறது.

கல்யாணமாகாத பெண்கள்தான் இப்படி விட்டார்கள் என்று நினைக்காதே. தாலி கட்டிய வீடுகளிலிருந்தும் பஞ்ச காலத்தில் குழந்தைகள் வந்தன. எடுத்த குழந்தைகளைப் பால் கொடுக்கும் செவிலித்தாய்களிடம் கூலிக்கு விடுவார்கள். பிழைக்காமல் போனவை ஏராளம். பிழைத்தவர்களை ஊர் 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தது. அதில் பரிவும் உண்டு, குத்தலும் உண்டு என்று நினைக்கிறேன். நம் ஊரில் மாரியம்மன் பெயரைச் சொல்லி வளர்க்கிற பிள்ளையைப் பற்றி நாலு பேர் பேசுகிற மாதிரி.

ஃப்ளோரன்ஸில் இதே கதைக்கு வேறு பெயர். அங்கே புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் கட்டிய இன்னொசெந்தி என்ற அனாதைக் குழந்தைகள் இல்லம் இருக்கிறது, செலவை ஏற்றது பட்டு வியாபாரிகள் சங்கம். 1445 பிப்ரவரியில் அங்கே வந்த முதல் குழந்தைக்கு அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து வளர்ந்து வந்தவர்கள் இன்னொசெந்தி, அதாவது மாசற்றவர்கள். சில தாய்மார் ஒரு நாணயத்தையோ பதக்கத்தையோ இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்துவிட்டு மறுபாதியைத் தாங்கள் கொண்டுபோவார்களாம். பின்னால் வந்து மீட்கும்போது இரண்டும் பொருந்த வேண்டும். அந்த இல்லத்தின் மியூசியத்தில் இன்னும் அந்தப் பாதிகளை வைத்திருக்கிறார்கள். மறுபாதியோடு யாரும் வரவில்லை என்றுதானே அர்த்தம்? அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மிலானில் கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்த பெரியாஸ்பத்திரியின் சின்னம் புறா, இத்தாலியனில் கொலொம்போ, அதனால் அங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் கொலொம்போ என்று பெயர் விழுந்தது. (அமெரிக்காவுக்குக் கப்பல் விட்ட கொலம்பஸ் அந்தக் கூட்டம் இல்லை. அவர் ஜெனோவாக்காரர், அப்பா கம்பளி நெசவு.) மற்ற குடும்பப்பெயர்களில் ரொஸ்ஸி என்றால் சிவப்பு, ஃபெர்ராரி என்றால் கொல்லர் வீடு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பெயரே ஒருவன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஆட்சியாளர்களுக்கும் ஒரு கட்டத்தில் உறைத்திருக்கிறது. நெப்போலியனின் தங்கை கணவர் முரா நேப்பிள்ஸுக்கு ராஜாவாக இருந்தபோது, புதிதாக வரும் குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ வைக்கக் கூடாது என்று நிறுத்தினார். ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. பேரன், கொள்ளுப்பேரன் என்று பெருகி, இன்று இந்த ஊரில் மிகச் சாதாரணமான பெயர். சட்டம் துடைக்க முடியாததை எண்ணிக்கை துடைத்துவிட்டது என்று எனக்குப் படுகிறது. பக்கத்து வீட்டு எஸ்போசிட்டோ கிழவர் இதை மறைக்கவே இல்லை. "என் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா ராஜாவாகக்கூட இருக்கலாம், யார் கண்டது?" என்று கண்ணடிக்கிறார்.

எங்கள் வீட்டுப் பெயர்க் கூத்து வேறு. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. இங்கே ஒவ்வொருவருக்கும் தரும் வரி எண்ணில் முதல் மூன்று எழுத்து குடும்பப்பெயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். இனிஷியல் என்றால் என்ன என்று ஒரு அலுவலகத்தில் அரை மணி நேரம் விளக்கியும் அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவன் அப்பா பெயர் குடும்பப்பெயராகிவிட்டது. அதே பெயரால்தான் இப்போது பேத்தியையும் வகுப்பில் கூப்பிடுகிறார்கள். சம்பந்தி கேள்விப்பட்டு ஒரே பூரிப்பு.

பொங்கலுக்கு முன் ஊர் வந்துவிடுவேன். உனக்கு இங்கேயிருந்து காபித்தூள் வேண்டுமா, எழுது. கமலாவிடம் விசாரித்ததாகச் சொல்.

உன்
ராமநாதன்