சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராயபுரம் பக்கம் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் போகிற கிறிஸ்தவக் கோயில், விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். உச்சி கூம்பிய ஜன்னல்கள், கனமான செங்கல் சுவர், கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. இங்கிலாந்தில் கல்லில் செதுக்கிய, கோத்திக் என்கிற அந்தக் கூம்பு வளைவை நம் ஊர்க் கொத்தனார்கள் செங்கல்லிலும் சுண்ணாம்பிலுமே கொண்டுவந்தார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைத்து.

போன வருடம் சீரமைப்பு என்று சொல்லி, பீடத்துக்கு இடதுபக்கச் சுவரை ஆள் உயரத்துக்குக் கொத்தி எடுத்து சிமென்ட் பூசினார்கள். ஒரே மழைக்காலம்தான். ஓதம் சிமென்ட்டுக்கு மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது, விரலால் தொட்டால் செங்கல் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலடித்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் போட்டு அடைத்தால் அந்த ஈரம் எங்கேதான் போகும்? கடலோரம் வேறு, உப்புக்குக் கேட்கவா வேண்டும்.

இந்தச் சண்டை விக்டோரியா காலத்து இங்கிலாந்திலேயே நடந்ததுதான். பழைய கோயில்களைப் புதுப்பிக்கிறேன் என்று உள்சுவர்ப் பூச்சை எல்லாம் சுரண்டித் தள்ளினார்கள். 1877 மார்ச்சில் டியூக்ஸ்பரி கோயிலில் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் கைவைக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் அவரும் நண்பர்களும் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள், இன்றும் இருக்கிறது. புதுசாக்க வேண்டாம், ஒழுகுகிற இடத்தை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்தால் போதும் என்பதுதான் அவர்கள் சொன்னது.

எங்கள் கோயிலுக்கும் அதுதான் தேவை. ரோட்டை மேலே மேலே போட்டு இப்போது கோயில் முற்றம் ஒரு முழம் பள்ளத்தில் கிடக்கிறது, மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டியே நாள்கணக்கில் நிற்கிறது. முதலில் அதற்கு வடிகால் வெட்டுங்கள். அப்புறம் பூசிய சிமென்ட்டைப் பக்குவமாக எடுத்துவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசலாம். செலவு கூடும், நாளும் ஆகும், பங்கு மக்கள் நாங்கள் தருகிறோம். திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று வலதுபக்கச் சுவரிலும் உளி வைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ராயபுரம் வாசகர்