முடிவான தரவு இல்லை என்று இனியும் சொல்லாதீர்கள்

ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கு,

வணக்கம். காற்று மாசால் நாட்டில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் உங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது. மரணத்துக்கும் காற்று மாசுக்கும் நேரடித் தொடர்பை நிறுவ முடிவான தரவு இல்லை என்கிறீர்கள். உணவுப் பழக்கம், செய்யும் தொழில், பழைய நோய்கள், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் உடல்நலத்தைப் பாதிக்கின்றன என்ற விளக்கமும் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட தரவு வந்தால் முடிவானது என்று ஒப்புக்கொள்வீர்கள்?

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் மரணக் காரணச் சான்றிதழான படிவம் 4-ஐ நிரப்புகிறார். முதலில் உடனடிக் காரணம், அதன் கீழே அதற்கு இட்டுச்சென்ற நோய், அப்புறம் உடன் இருந்த மற்ற கோளாறுகள். நெடுநாளாகச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்த ஒரு பெரியவர் மாரடைப்பில் போய்விட்டால் அந்த மூன்றும்தான் படிவத்தில் ஏறும். முந்தைய இரண்டு நாள் அவர் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. அப்படி ஒரு கட்டம் இருந்தாலும் எந்த மருத்துவராலும் அதை நிரப்ப முடியாது. காற்று சுத்தமாக இருந்திருந்தால் இவர் பிழைத்திருப்பாரா என்பதை ஒற்றை உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான மரணங்களை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். போதாக்குறைக்கு, 2020-இல் நாட்டில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். சான்றிதழிலேயே விடையைத் தேடினால் எத்தனை ஆண்டு ஆனாலும் அது கிடைக்கப்போவதில்லை.

விடை வேறு வழியில் கிடைத்துவிட்டது. 2024 ஜூலையில் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழில் வந்த ஆய்வு உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, வாரணாசி, சிம்லா உட்படப் பத்து நகரங்கள். 2008 முதல் 2019 வரை. சுமார் 36 லட்சம் மரணங்கள். ஒவ்வொரு நகரத்திலும் நாள்தோறும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அந்நாள்களின் பி.எம். 2.5 நுண்துகள் அளவோடு பொருத்திப் பார்த்தார்கள். கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது அன்றாட மரணங்கள் 1.4 சதவீதம் கூடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வரம்பான 15 மைக்ரோகிராமைத் தாண்டிய மாசால் இந்தப் பத்து நகரங்களில் ஆண்டுக்குச் சுமார் 33,000 பேர் இறக்கிறார்கள்.

உணவும் தொழிலும் பரம்பரையும் என்ற உங்கள் ஆட்சேபத்துக்கு இந்த முறையிலேயே பதில் இருக்கிறது. இங்கே ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிடவில்லை. ஒரே ஊரின் ஒரு நாளை அதே ஊரின் இன்னொரு நாளோடு ஒப்பிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை இருந்த பரம்பரை வெள்ளிக்கிழமை மாறிவிடாது. ஊரில் பீடி பிடிப்பவர்களின் எண்ணிக்கையும் மூன்று நாளில் மாறாது. நாளுக்கு நாள் மாறுகிற வெப்பத்தையும் பருவத்தையும் தனியே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, அப்படியும் இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காற்றின் வேகம் குறையும் நாளிலும், புகை மேலெழுந்து கலையும் காற்றடுக்கின் உயரம் தாழும் நாளிலும் நகரத்தின் புகை நகரத்துக்குள்ளேயே தேங்கும். யாருக்கு என்ன நோய் என்று காற்றுக்குத் தெரியாது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டபோது தொடர்பு மறையவில்லை; 1.4 என்பது 3.6 சதவீதமாக உயர்ந்தது.

இந்த மடலை எழுத வைத்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. நான் சென்னைக்காரன். கடற்காற்று இருக்கும்போது நமக்கென்ன, அது டெல்லியின் பிரச்சினை என்றுதான் இங்கே பலரும் நினைக்கிறோம். அந்த ஆய்வின்படி சென்னையில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,900 மரணங்கள், அதாவது நகரின் மொத்த மரணங்களில் 4.9 சதவீதம், இந்த மாசோடு சேர்ந்தவை. 2009-இல் அறிவித்த தரநிலையில் 24 மணி நேரத்துக்கு நீங்கள் வைத்த வரம்பு 60. பத்து நகரங்களையும் சேர்த்து, அதற்குக் கீழே இருந்த நாள்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 10 மைக்ரோகிராமுக்கு ஏறும் மரண விகிதம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. எண்ணூரிலோ மணலியிலோ ஒரு நாள் 55 பதிவானால் உங்கள் கணக்கில் அது விதிக்குள் அடங்கிய நாள். அன்றைக்கும் அங்கே கூடுதலாக ஆள் சாகிறார்கள்.

லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டம் கவிந்தபோது முதல் கணக்கு சுமார் 4,000 மரணங்கள். அடுத்த சில மாதங்களிலும் மரணங்கள் குறையாமல் இருந்ததற்கு இன்ஃப்ளூயன்சாவைக் காரணம் காட்டியது அந்நாட்டு அரசு. பின்னாளில் செய்த மறுஆய்வு மொத்தத்தைச் சுமார் 12,000 என்கிறது. ஆனாலும் அந்த முதல் கணக்கை வைத்தே 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியே நிரூபணம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எனவே கேட்கிறேன். நகரம் வாரியாக, வயது வாரியாக அன்றாட மரண எண்ணிக்கையைப் பெயர் விவரம் இல்லாமல் பொதுவெளியில் வையுங்கள். பதிவாளர் அலுவலகங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. உள்துறையோடும் மாநிலங்களோடும் பேசினால் போதும். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களுக்கு மதிப்பெண் போட நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பி.எம். 10 என்ற பெரிய துகளைத்தான். சாலையில் தண்ணீர் தெளித்தாலே அது கொஞ்சம் இறங்கும். நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்தில் கலக்கும் பி.எம். 2.5-ஐ முதன்மை அளவுகோலாக்குங்கள். 60 என்ற வரம்பைத் திருத்துங்கள். அடுத்த கூட்டத்தொடரில் இதே கேள்வி மறுபடி வரும்போது 33,000 என்ற எண்ணைப் பதிலில் சேருங்கள். அந்தக் கணக்கில் பிழை இருப்பதாகக் கருதினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள். நாங்கள் படித்துப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு குடிமகன்