செயலாளரின் ஆண்டறிக்கை: பட்டியலில் மிஞ்சிய மர்மங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மர்மங்களை ஆராயும் நம் வாசகர் வட்டத்தின் சென்ற ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கூட்டங்கள் மாதந்தோறும் தடையின்றி நடந்தன. வருகையைப் பற்றி ஒரே வரி போதும். பேய்க்கப்பல் என்று அறிவித்தால் நாற்காலி பற்றுவதில்லை. விலாங்கு மீன் என்று அறிவித்தால் முன்வரிசையே காலியாகக் கிடக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். எந்த மர்மத்தை எடுத்துப் பேசுபவரும், சம்பவம் நடந்த காலத்து ஆவணம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைக்க வேண்டும். பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட தகவல் ஒவ்வொன்றும் எப்போது முதன்முதலாக எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டும். விளக்கம் அதற்குப் பிறகுதான். இந்த விதி வந்தால் வட்டத்தில் மர்மமே மிஞ்சாது என்று எதிர்த்து வாக்களித்தவர்கள் உண்டு. ஓராண்டு நடத்திப் பார்த்ததில் என் கணிப்பு வேறு. உதிர்ந்தவை உதிர வேண்டியவை. மிஞ்சியவை முன்னைவிட அழுத்தமாக நிற்கின்றன.

விதியின்படி நடந்த முதல் கூட்டம் மேரி செலஸ்ட் கப்பலைப் பற்றியது. 1872 நவம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் புறப்பட்ட பாய்க்கப்பல். கப்பல் தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ், அவர் மனைவி, இரண்டு வயது மகள், மாலுமிகள் எழுவர் என மொத்தம் பத்துப் பேர். டிசம்பர் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே, ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த அதை டெய் கிராட்சியா என்ற கப்பல் கண்டுபிடித்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. உணவு மேசையில் ஆறாத தேநீர் இருந்தது, படகுகள் கட்டிய இடத்திலேயே தொங்கின என்பவையும் பலருக்குத் தெரிந்தவைதான். ஜிப்ரால்டரில் நடந்த விசாரணையின் பதிவுகளில் தேநீரும் இல்லை, தொங்கும் படகுகளும் இல்லை. கப்பலின் ஒரே படகு காணாமல் போயிருந்தது என்றுதான் சாட்சியம். படகுகள் பத்திரமாக இருந்ததாக எழுதியவர் ஆர்தர் கோனன் டாயில், ஆண்டு 1884, எழுதியது சிறுகதை. கப்பலின் பெயரைக்கூட அவர் மாரி செலஸ்ட் என்று மாற்றியிருந்தார். கதையில் இருந்த பெயரே பலர் வாயில் நிலைத்தும் விட்டது. செய்தியைக் கதை விழுங்கியதற்கு இதைவிட நல்ல சான்று நம் கோப்புகளில் இல்லை.

படகு போயிருந்தது என்று வைத்துக்கொண்டால் கேள்வி வேறாகிவிடுகிறது. மனிதர்கள் மாயமாகவில்லை, கப்பலை விட்டு இறங்கியிருக்கிறார்கள். திசையறியும் கருவிகளும் கப்பலின் ஆவணங்களும் இல்லை. எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அவகாசம் இருந்திருக்கிறது. நீரேற்றும் பம்புகளில் ஒன்று கழற்றிக் கிடந்தது. அடித்தளத்தில் மூன்றரை அடி நீர். அந்த அளவு நீரால் அத்தகைய கப்பல் மூழ்கிவிடாது. பிறகு ஏன் இறங்கினார்கள்? சரக்கு 1,701 பீப்பாய் எரிசாராயம். இறக்கியபோது அவற்றில் ஒன்பது காலியாக இருந்தன. ஆவி பரவி வெடித்துவிடும் என்று அஞ்சிச் சிறிது நேரம் படகில் ஒதுங்கியிருந்தபோது கயிறு அறுந்து, காற்றில் கப்பல் விலகிப் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எரிந்த தடம் எதுவும் இல்லையே என்ற ஆட்சேபத்துக்கு, 2006-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் வேதியியலர் ஆண்ட்ரியா செல்லா ஒரு மாதிரி அறையில் வாயுவை வெடிக்கச் செய்து, பெரிய தீப்பிழம்பு எழுந்தும் உள்ளே கரி படியவில்லை என்று காட்டினார். நடந்திருக்கக் கூடியது என்று இதைச் சொல்லலாம். நடந்தது என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. எனவே கப்பல் ‘தீராதவை’ பட்டியலிலேயே தொடர்கிறது. விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சோலி ஃப்ளட் கொலை நடந்ததாகவே நம்பினார். கப்பலில் கிடைத்த வாளில் இருந்தது ரத்தம் அல்ல என்று சோதனை சொன்ன பிறகும் அவர் சந்தேகம் தீரவில்லை. அவரைப் போன்றவர்கள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

பெர்முடா முக்கோணம் ஒரே கூட்டத்தில் முடிந்தது. 1945 டிசம்பர் 5 அன்று பதினான்கு பேருடன் ஐந்து பயிற்சி விமானங்கள் திரும்பாமல் போனது உண்மை. தேடப் போன விமானம் பதின்மூன்று பேருடன் தொலைந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கடற்பகுதிக்கு இந்தப் பெயர் 1964-இல்தான் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நூலகர் லாரி குஷே ஒவ்வொரு சம்பவத்துக்கும் அன்றைய செய்தித்தாளையும் வானிலைக் குறிப்பையும் தேடிப் பார்த்து, 1975-இல் முடிவை வெளியிட்டார். அமைதியான கடலில் மறைந்ததாகச் சொல்லப்பட்ட கப்பல்களில் சில புயலில் சிக்கியவை. சில வேறு கடலில் தொலைந்தவை. சில தொலையவே இல்லை. ஒரு நூலகர் செய்த வேலை என்பதால் நம் நூலகப் பொறுப்பாளர் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார். ஐந்து விமானங்களின் கதி தனிக் கோப்பாக வைக்கப்பட்டது. முக்கோணம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நீக்கம் தொடர்பாக ஆண்டின் பெரிய வாக்குவாதம், அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்தில் நகரும் கற்களைப் பற்றி எழுந்தது. ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் பாறைகள் நீண்ட தடம் விட்டு நகர்ந்திருக்கும், ஆனால் நகரும்போது யாரும் பார்த்ததில்லை. காந்தம், சூறாவளி, வேற்றுக்கிரகவாசி என எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ரிச்சர்ட் நோரிஸ், ஜேம்ஸ் நோரிஸ் ஆகியோரின் குழு பதினைந்து கற்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்திக் காத்திருந்தது. 2013 டிசம்பரில் கற்கள் அவர்கள் கண்முன்னாலேயே நகர்ந்தன. படுகையில் ஆழமில்லாத நீர் தேங்குகிறது. இரவில் அதன்மேல் 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி படிகிறது. வெயில் ஏறியதும் அது பெரிய தகடுகளாக உடைந்து, மெல்லிய காற்றில் மிதந்து கற்களைத் தள்ளுகிறது. வேகம் நிமிடத்துக்குச் சில மீட்டர்தான். தொலைவிலிருந்து பார்த்தால் நகர்வதே தெரியாது. 2014-இல் முடிவு வெளியானது.

தீர்ந்துவிட்டது, அடித்துவிடலாம் என்றது ஒரு தரப்பு. அடித்தால் பட்டியலே மெலிந்துவிடும் என்றது இன்னொன்று. இரண்டையும் ஏற்காமல் செயற்குழு, ‘தீர்ந்தவை’ என்று தனிப் பிரிவு தொடங்கியது. அதில் ஒவ்வொன்றுக்கும் விடையோடு, விடை எப்படிக் கிடைத்தது என்பதும் எழுதப்படும். 1997-இல் பசிபிக் கடலடி ஒலிவாங்கிகளில் பதிவாகி, ராட்சத விலங்கின் குரல் என்று பேசப்பட்ட ‘ப்ளூப்’ ஒலியும் இப்போது அங்கேதான் இருக்கிறது. அது பெரும் பனிப்பாறை பிளக்கும் ஓசை. ஏமாற்றமடைந்தவர்களின் முகங்களை நான் பார்த்தேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கும்படி பனி பிளக்கிறது என்பது ஏன் யாருக்கும் போதவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, ஆராய ஆராய ஆழமானவை. அதில் முதலிடம் ரூப்குண்டுக்கு. உத்தராகண்டில் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள சிறிய ஏரி. கரையிலும் நீரிலும் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள். 1942-இல் ஒரு வனக்காவலரால் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டையொட்டி ஒரு யாத்திரைக் கூட்டம் ஆலங்கட்டி மழையில் ஒரே நாளில் மாண்டது என்ற விளக்கம் நெடுநாள் நிலைத்திருந்தது. சில மண்டையோடுகளில் மேலிருந்து விழுந்த அடியின் குழிவும் இருந்தது. 2019-இல் முப்பத்தெட்டுப் பேரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு வெளியானது. இருபத்து மூன்று பேர் தெற்காசிய மரபினர். காலம் சுமார் கி.பி. 800, அவர்களும் ஒரே நாளில் இறந்தவர்கள் அல்லர். பதினான்கு பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி மக்களுக்கு, குறிப்பாகக் கிரீட் தீவினருக்கு நெருக்கமானவர்கள். அவர்கள் காலம் சுமார் கி.பி. 1800. ஒருவர் தென்கிழக்காசிய மரபினர்.

கூட்டத்தில் இதைப் படித்தபோது அரங்கு சற்று நேரம் பேச்சற்றுப் போனது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆணும் பெண்ணுமாய் ஒரு மத்தியதரைக் கடல் கூட்டம் இருநூறு ஆண்டுக்கு முன் இமயத்தின் அந்த மூலைக்கு எதற்காக வந்தது? எழுத்து மலிந்திருந்த காலம் அது. ஆனால் அப்படியொரு பயணத்தைப் பற்றிய பதிவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. பழைய விடை போய், இரண்டு புதிய கேள்விகள் வந்திருக்கின்றன. விதியை எதிர்த்து வாக்களித்த மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்ட முடிவில் என்னிடம், “சரி தம்பி, உங்க விதி இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதை இந்த அறிக்கையில் பதிவு செய்துகொள்கிறேன்.

காலி முன்வரிசையோடு நடந்ததாக நான் சொன்ன விலாங்குக் கூட்டம், என் பார்வையில் ஆண்டின் சிறந்த கூட்டம். ஐரோப்பிய விலாங்கு எங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கேள்வி. சேற்றிலிருந்து தோன்றுகிறது என்று அவர் முடிவு கட்டினார். 1876-இல் மாணவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்ட் நூற்றுக்கணக்கான விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடியும் தெளிவான விடை கிடைக்கவில்லை. டென்மார்க்கின் யோகன்னஸ் ஷ்மிட் அட்லாண்டிக்கில் ஆண்டுக்கணக்கில் வலை வீசி, மேலும் மேலும் சிறிய குஞ்சுகள் கிடைக்கும் திசையைப் பின்பற்றிச் சென்று, அது வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடல் பகுதி என்று 1922-இல் எழுதினார். ஆனால் முதிர்ந்த விலாங்கு அங்கே முட்டையிடுவதை இன்றுவரை யாரும் கண்டதில்லை. அதன் முட்டை ஒன்றுகூடக் கடலில் கிடைத்ததில்லை. ஜப்பானிய விலாங்கின் முட்டைகளை 2009-இல் மரியானா தீவுகளுக்கு மேற்கே கண்டெடுத்துவிட்டார்கள். அட்லாண்டிக் விலாங்கோ, அசோர்ஸில் கருவி பொருத்தி விடப்பட்டவற்றில் சில சர்காசோ வரை போய்ச் சேர்ந்ததை 2022-இல் காட்டியதோடு சரி. இனமே அருகிவரும் நிலையில், விடை கிடைக்கும் முன் கேள்விக்குரியது மறைந்துவிடக் கூடும். பேய்க்கப்பலுக்கு அப்படி அவசரம் இல்லை. இந்த மீனுக்கு இருக்கிறது.

சிந்து எழுத்துத் துணைக்குழுவுக்கு இவ்வாண்டு வேலை அதிகம். அந்த எழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதல்வர் அறிவித்த பிறகு, வட்டத்துக்கே விடைகள் வரத் தொடங்கிவிட்டன. பரிசு தருவது நாமல்ல என்பதை எல்லோருக்கும் எழுதியாயிற்று. துணைக்குழு ஒவ்வொரு விடையையும் ஒரே சல்லடையில்தான் போட்டது: ஒரு முத்திரையில் குறிக்குத் தந்த ஒலி அடுத்த முத்திரையிலும் அதேதானா? பெரும்பாலானவை இரண்டாம் முத்திரையைத் தாண்டவில்லை. சராசரியாக ஐந்து குறிகளே உள்ள வாசகங்கள், இருமொழிக் கல்வெட்டு ஏதும் இல்லை, நானூறையொட்டிய குறிகள் என்ற நிலையில், யாருடைய தாய்மொழியையும் அதில் படித்துவிட முடிகிறது. ஐராவதம் மகாதேவன் 1977-இல் குறிகளைத் தொகுத்து வரிசைப்படுத்திக் கொடுத்த வேலைதான் இன்றும் அடித்தளம். இங்கே மைக்கேல் வென்ட்ரிஸ் நினைவுக்கு வருகிறார். கிரீட்டில் கிடைத்த லீனியர் பி என்னும் பண்டைய எழுத்தில் இருப்பது, பழைய இத்தாலியின் எட்ரஸ்கனோடு தொடர்புடைய மொழி என்று பல ஆண்டு நம்பியிருந்தவர் அவர். அமெரிக்க அறிஞர் ஆலிஸ் கோபர் கட்டிய அட்டவணை முறையைப் பின்பற்றியபோது 1952-இல் அவருக்குக் கிடைத்தது கிரேக்கம். தான் விரும்பாத விடையை அவர் ஏற்றார். வட்டத்துக்கு வந்த விடைகளில், எழுதியவர் விரும்பாத விடை ஒன்றுகூட இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள, யாரும் படிக்க முடியாத எழுத்தில் அமைந்த வாய்னிச் ஏட்டின் தோல் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை சொல்கிறது. எழுத்து அப்படியே பூட்டிக் கிடக்கிறது. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹையோவின் ரேடியோ தொலைநோக்கியில் 72 விநாடி பதிவாகி, விண்வெளியிலிருந்து யாரோ அனுப்பியதோ என்று பேசப்பட்ட ‘வாவ்’ சமிக்ஞை மறுபடி கேட்கவில்லை. 1959-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் மாண்ட டியாட்லோவ் மலைப்பயணக் குழுவினர் ஒன்பது பேரைப் பற்றிய கூட்டம், 2021-இல் வெளிவந்த பனிப்பலகைச் சரிவு ஆய்வை ஏற்பவர்கள், ஏற்காதவர்கள் என இரண்டாகப் பிரிந்தே கலைந்தது. கூடாரத்தைக் கிழித்து வெளியேறியதை அந்த ஆய்வு நன்றாகவே விளக்குகிறது. அதற்குப் பிந்தைய மணிநேரங்களை விளக்குவதாக அதை எழுதியவர்களே உரிமை கோரவில்லை.

மலேசியாவின் எம்எச்370 விமானத்தை விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை இருமுறை வந்தது. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த விமானம். அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாலைப்பொழுதின் ஊகங்களுக்கு அதைப் பொருளாக்குவதில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. அதிகாரபூர்வ அறிக்கைகள் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

நூலகத்தில், எடுத்துப் போனவர்கள் திருப்பித் தராத புத்தகங்கள் தனி மர்மமாக வளர்ந்து வருகின்றன. இதில் ஆவணச் சான்று இருக்கிறது, பதிவேட்டில் கையொப்பத்தோடு. உரியவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் ஒப்படைக்க வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது.

வரும் ஆண்டுக்கு மூன்று பொருள்கள் உறுதியாகியுள்ளன: 1908-இல் சைபீரியாவில் நடந்த துங்குஸ்கா வெடிப்பு, பந்து மின்னல், நமீப் பாலைவனத்தின் புல்லற்ற வட்டங்கள். கடைசியானதில் கரையான் கட்சியும், தண்ணீருக்காகச் செடிகளே தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன என்னும் கட்சியும் அறிவியலுலகில் இன்னும் மோதிக்கொண்டிருப்பதால், இரு தரப்புக்கும் பேச ஆள் தேவை. கரையான் தரப்புக்கு இதுவரை யாரும் பெயர் தரவில்லை.

கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய தலைவருக்கும், கோப்புகளைத் தேதிவாரியாகத் திருத்தி அடுக்கிய இளைய உறுப்பினர்களுக்கும், விதியை எதிர்த்தும் ஒரு கூட்டத்தையும் தவறவிடாத நண்பர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்