வெள்ளைக்கல் கடத்தாது, வெள்ளீயம் கடத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், 'உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். ஆக்சைடாகிவிட்டால் கடத்தாது' என்று ஒரே போடாகப் போட்டிருந்தீர்கள். எங்கள் சேலத்துச் சரக்கை மட்டும் பார்த்தால் அது சரிதான். வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட் தாதுவைச் சுட்டால் வரும் மெக்னீசியம் ஆக்சைடு, ஹீட்டர் ராடுக்குள் கம்பிச்சுருளைச் சுற்றி அடைக்கும் பொடி. சூட்டை விடும், கரண்டை விடாது. சேர்வராயன் மலை பாக்சைட்டில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடும் அதே ரகம்.

ஆனால் பெரும்பாலான டச் ஸ்கிரீன்களில் இருப்பது, இண்டியம் ஆக்சைடும் வெள்ளீய ஆக்சைடும் எடையில் ஏறக்குறைய 90க்கு 10 என்று கலந்த பூச்சு. வெளிச்சமும் போகும், கரண்டும் போகும்.

இண்டியம் விலை கட்டுப்படியாகாது. வெள்ளீயம் (பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவார்களே, அதுதான்) போதும். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். வெள்ளீயக் குளோரைடு கரைசலில் கொஞ்சம் அம்மோனியம் ஃப்ளோரைடு கலந்து, 400 டிகிரிக்கு மேல் சூடேறிய கண்ணாடியில் தெளித்தால், ஃப்ளோரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு பூச்சாகப் படியும். விட்டுவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். ஒரே மூச்சில் அடித்தால் கண்ணாடியில் சூடு இறங்கிவிடும், விரிசலும் விடலாம். அமிலப் புகை கிளம்பும், புகைபோக்கி இல்லாமல் தொடக்கூடாது.

ஆறியதும் எந்தப் பக்கம் பூச்சு என்றே தெரியாது. மல்டிமீட்டரை வைத்தால் ஒரு பக்கம் ஒன்றும் காட்டாது. திருப்பிப் போட்டு வைத்தால் சில பத்து ஓம் காட்டும். மீட்டர் ரிப்பேர் என்றுதான் பையன்கள் முதலில் சொல்வார்கள்.

ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் ஃப்ளோரின் உட்காரும்போது ஓர் எலக்ட்ரான் மிச்சமாகிறது. கரண்டைச் சுமப்பது அதுதான். ஆக்சைடின் ஆற்றல் இடைவெளியோ (ஒளியை உறிஞ்ச எலக்ட்ரான் தாண்டவேண்டிய இடைவெளி) சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு எலக்ட்ரானை அதைத் தாண்டவைக்கத் தெம்பில்லை, அதனால் உறிஞ்சப்படாமல் அப்படியே கடந்துபோகிறது.

பெரிய கடைகளின் ஃப்ரீசர் கண்ணாடிக் கதவுகள் சிலவற்றில் இந்தப் பூச்சில் கரண்ட் விட்டுத்தான் நீர் படியாமல் காக்கிறார்கள். சோலார் செல் ஆராய்ச்சியிலும் இது அன்றாடப் பொருள். கரண்டைக் கடத்தும் ஆக்சைடுகளில் கருப்பான ருத்தேனியம் ஆக்சைடு இன்னொரு வகை. உப்புநீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் தொழிலில், 1960-களுக்குப் பிறகு கிராஃபைட் மின்முனைகளை ஓரங்கட்டியது டைட்டானியத்தின்மேல் பூசிய இந்த ஆக்சைடுதான். அந்தத் தொழிலைப் பக்கத்திலேயே பார்த்த மேட்டூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெரியவர்கள் பக்கமாக இருந்தால் விட்டிருப்பேன். பிள்ளைகள் இதை அப்படியே பரீட்சையில் எழுதுவார்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்