பள்ளிக் கல்வியின் வெற்றி எதில் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பன்னாட்டுத் தேர்வு முடிவுகள் வெளிவரும்போதெல்லாம் எந்த நாடு முதலிடம் என்று பேசுகிறோமே தவிர, அதற்குப் பின்னால் இருக்கும் நீண்டகால உழைப்பைப் பேசுவதில்லை. 1970களில் பள்ளிகளைப் பொதுப்பள்ளிகளாக ஒன்றிணைத்து, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆசிரியர்களுக்கு முதுகலைக் கல்வியையும் கொண்டுவந்த பின்லாந்து, பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாவில் (PISA) உலகின் கவனத்தைப் பெற்றது 2000க்குப் பிறகுதான். ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும்போது, சக ஆசிரியர்கள் வகுப்பில் நின்று, மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, பின்னர் கூடியமர்ந்து அந்தப் பாடத்தையே திருத்தி அமைக்கிறார்கள். ஆசிரியரை நம்பி, அவருக்கு நேரமும் ஒதுக்கும் இந்த ஏற்பாடே என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. கட்டடமும் கணினியும் வேண்டியவைதான். ஆனால், பின்தங்கும் குழந்தைக்கு உடனுக்குடன் கூடுதல் கவனம் கிடைக்க அரசுகள் முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.