தீவனக் கணக்கில் இறகையும் சேருங்கள்

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் பண்ணைகளில் ஒரு பேச்சு எழும்: "பழைய பேட்ச் தீவனம் அதிகமா எடுக்குது, முட்டை மட்டும் ஏறல." உடனே மக்காச்சோளத்தின் தரத்தைச் சந்தேகிக்கிறோம், நோயா என்று பார்க்கிறோம். இரண்டும் தேவைதான். அதோடு கோழியைக் கையில் எடுத்து அதன் முதுகிலும் வயிற்றிலும் இறகு இருக்கிறதா பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. இரவில் வெளியே 20 டிகிரிக்குக் கீழே போகும்போது அந்தச் சூட்டைக் காப்பது இறகுக்குள் அடைபட்டிருக்கும் காற்று. குளிரக் குளிரக் கோழி இறகைச் சிலிர்த்து அந்தக் காற்றடுக்கைத் தடிப்பாக்கிக்கொள்ளும். மொட்டையான இடத்தில் சிலிர்க்க எதுவும் இல்லை; சூடு தோலிலிருந்து நேரே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் அது கூடுதலாகத் தின்கிறது. நம் உயர்மேடை ஷெட்டுகளில் கூண்டுக்கு அடியிலிருந்தும் காற்று வருவதால், வயிற்றில் இறகில்லாத கோழி பாவம், இன்னும் சிரமப்படும்.

கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் என்று வைப்போம். அதற்கு மேல் 10 கிராம் போனாலே, 10,000 கோழிகள் உள்ள ஷெட்டில் தினமும் 100 கிலோ. அதில் ஒரு முட்டைகூடக் கூடுதலாக வராது. சரி, அளவாகவே வைப்போம் என்றால் கோழி தன் கொழுப்பைக் கரைக்கும், அப்புறம் முட்டை சிறுக்கும்.

சித்திரை வெயிலில் மொட்டைக் கோழி சூட்டைச் சுலபமாக வெளியேற்றும் என்று சிலர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் மூடாத தோல் கீறிக்கொள்ளும், ரத்தம் தெரிந்தால் மற்றவை கொத்தும், அது சாவில்கூட முடியும். அந்த இழப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

கம்பி உரசல், நெருக்கடி, கொத்தல், தீவனத்தில் மெத்தியோனின் (இறகு வளரத் தேவையான அமினோ அமிலம்) குறைவு என்று காரணங்கள் பல. முறிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை புதிதாக முளைக்காது. அதனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் சில கோழிகளை எடுத்துக் கழுத்து, முதுகு, வயிறு, ஆசனவாய்ப் பகுதி பார்த்து 1 (மொட்டை) முதல் 4 (முழு இறகு) வரை மதிப்பெண் போடுங்கள். தீவனமும் முட்டையும் எழுதும் அதே ரெஜிஸ்டரில் அதையும் எழுதுங்கள். மதிப்பெண் இறங்கிய ஷெட்டில் குளிர் இரவுகளில் காற்று அடிக்கும் பக்கம் மட்டும் படுதா கட்டுங்கள். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாயு தங்காதபடி மேலே திறந்திருக்கட்டும். அந்த ரெஜிஸ்டரோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனால், தீவனத்தில் எதை மாற்றுவது என்று அங்கே தெளிவாகப் பேச முடியும்.

அன்புடன்,
முட்டைக்கோழிகள் மேல் அக்கறை கொண்ட ஒருவர்